மாமாவின் இரண்டு கால்கள்

ஒரு சொல்லிலிருந்து இரண்டு கால்களை எடுப்பதற்காக நான் திருப்பூர் போனேன். எங்கள் நாட்டில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பிலிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்கள் கோயிலுக்குப் போனார்கள், அல்லது கல்யாணப் பட்டு எடுக்கப் போனார்கள். என்னை என் முதலாளி துணைக்காலுக்காக அனுப்பினார்.

நான் வேலை பார்த்த கடை, பள்ளிக்கூடங்களுக்கு உடுப்பு, பை, தொப்பி எல்லாம் எடுத்துக் கொடுக்கிற கடை. சில பாலர் பாடசாலைகள் சேர்ந்து ஒரு விழா வைத்திருந்தன. பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி டீ-சர்ட். நெஞ்சில் சிங்கள எழுத்தில் 'மம' என்று பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே வெறும் கோடு. கோட்டின் மேல் பிள்ளையின் பெயரை எழுதுவார்கள். சிங்களத்தில் 'மம' என்றால் 'நான்'. மம நிமல் என்றால் நான் நிமல். அவ்வளவுதான் திட்டம்.

திருப்பூரிலிருந்து வந்த முதல் பெட்டியைப் பிரித்தால் 'மாமா' என்று இருந்தது. சிங்களத்திலும் மாமா என்றால் மாமாதான். மாமா நிமல். மாமா குமாரி. மூன்று வயதுப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் மாமாக்களாக மேடையேறப் போகிறார்கள்.

முதலாளி சட்டையை மேசையில் விரித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார்: "அங்கே இருக்கிறவர்கள் உன் ஆட்கள்தானே. நீ போய்ப் பேசு." திருப்பூரை நான் அதுவரை வரைபடத்தில்கூடத் தேடியதில்லை. ஆனால் தமிழன் என்றால் தமிழர்கள் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பது கொழும்பில் எழுதப்படாத சட்டம். மிச்சப் பெட்டிகள் இன்னும் திருப்பூரில் இருந்தன. கிளம்பினேன்.

கோயம்புத்தூரில் ஏறிய பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் போய் சக்கரத்தைப் பார்த்தார், திரும்பி வந்து எங்களைப் பார்த்தார். எல்லோரும் ஒன்றும் கேட்காமல் இறங்கி வேறு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் என்றால் அந்த இடத்தில் ஒரு சின்னக் கூட்டமே நடந்திருக்கும். புதிய பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மடியில் ஒரு துணி மூட்டையை வைத்திருந்தார்.

"ஏனுங்க, எந்தூருங்க?"

"கொழும்பு."

"அட, அத்தன தூரங்களா. என்ன வேலையா வந்திருக்கீங்க?"

நான் களைத்துப்போயிருந்தேன். முழுக் கதையையும் சொல்லத் தெம்பில்லை. "ஒரு மாமா வேலை" என்றேன்.

அவர் மூட்டையை இன்னொரு பக்கம் மாற்றி வைத்துக்கொண்டார். முன்னால் ஓர் இடம் காலியானதும் எழுந்தார். "வாரனுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய் அங்கே உட்கார்ந்தார். ஊர் வந்து சேரும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. பெண்களை வைத்துத் தொழில் செய்கிறவனுக்கும் தமிழில் மாமா என்றுதான் பெயர் என்பது, இறங்கிப் பெட்டியை எடுக்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஓடிப்போய் விளக்கலாம் என்று பார்த்தேன். அவர் வேகமாக நடந்தார்.

லாட்ஜில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "காத்தால மாமா வருவாங்க. அவிங்களப் பாத்துப்போட்டு அப்பறம் வெளிய போங்க."

லாட்ஜ் முதலாளியின் மாமா என்று எடுத்துக்கொண்டேன். வெளிநாட்டு விருந்தாளியைப் பெரியவர் வந்து விசாரிக்கிற வழக்கம் இந்தப் பக்கம் இருக்கும் போலும். காலையில் எழுந்து சவரம் செய்து, கொழும்பிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் பெட்டி ஒன்றை எடுத்து வைத்துக் காத்திருந்தேன். கதவைத் தட்டியவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார். கையில் இருந்த பிஸ்கட் பெட்டியை நீட்டிவிட்டேன்.

"இது எதுக்குங்க?" என்றார் போலீஸ்காரர்.

"மாமாவுக்கு" என்று சொல்ல வாயெடுத்து, "சும்மா" என்றேன்.

அவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். எங்கே வேலை, எதற்கு வந்தேன், எப்போது திரும்புவேன் என்று கேட்டார். பெட்டியைத் தொடாமல் போய்விட்டார். கீழே லாட்ஜ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, போலீசை இங்கே அப்படித்தான் சொல்வது என்று விளக்கினார். பிஸ்கட்டை அவருக்கே கொடுத்தேன்.

பக்கத்துக் கடையில் சந்தகை இருந்தது. நம் இடியப்பத்தை யாரோ அவசரமாகப் பிழிந்த மாதிரி இருந்தது. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிக் கொடுத்தார்கள். இடியப்பத்துக்கு நாங்கள் ஊற்றுகிற சொதி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் உள்ளே திரும்பி, "சோதி இருக்கானாடா?" என்று கேட்டார். சோதி லீவாம். பாலையே ஊற்றிச் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

கம்பெனி அருள்புரத்தில் இருந்தது. வெளியே இருந்து பார்த்தால் பெரிய வீடு மாதிரி. உள்ளே தைக்கிற மெஷின்கள் வரிசை வரிசையாக இரைந்துகொண்டிருந்தன. மேனேஜர் சென்னியப்பன் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயது, நல்ல தொப்பை. தொப்பையின் மேல் ஆங்கில எழுத்தில் மாமா என்று அச்சடித்த டீ-சர்ட் போட்டிருந்தார். நான் அதையே பார்ப்பதைக் கண்டு அவரும் குனிந்து பார்த்தார்.

"இது உங்களுதில்லீங்க. போன வருசம் ஐரோப்பா ஆர்டருங்க. வயித்துப் பக்கம் நல்லா லூசா வெச்சு, மாமான்னு பிரிண்ட் பண்ணச் சொன்னாங்க. தொப்ப வெச்ச மாமாங்களுக்குன்னு நெனச்சுட்டோம். பாதி தெச்சதுக்கு அப்பறந்தானுங்க தெரிஞ்சுது, மாசமா இருக்கற பொம்பளைங்களுக்குன்னு. அவிங்களுக்கு மாமான்னா அம்மாவாமுங்க."

"மிச்சத்தை நீங்கள் போடுறீங்களோ?"

"போட்டுப் பாத்தனுங்க. இத விட வசதியான துணி நான் கண்டதில்லீங்க."

அதோடு அவர் நிறுத்தவில்லை. ஜார்ஜியா நாட்டிலிருந்து ஒருவர் சரக்குப் பார்க்க வந்திருந்தாராம். இந்தச் சட்டையைக் காட்டியதும் அப்பாக்களுக்கு நல்லது என்றாராம். அவர்கள் மொழியில் மாமா என்றால் அப்பா. அம்மாவுக்கு டெடா. "அது நமக்குத் தாத்தா மாதிரி கேக்குதுங்களா? ஒரு குடும்பத்த அப்படியே தலைகீழா நிக்க வெச்ச மாதிரி இருந்துச்சுங்க" என்றார் சென்னியப்பன்.

பிழை எப்படி நடந்தது என்பதற்கு வந்தோம். நாங்கள் மின்னஞ்சலில் அனுப்பிய சிங்கள எழுத்து அவர்களுடைய கணினியில் வெறும் கட்டங்களாகத் தெரிந்திருக்கிறது. கொழும்புக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். எங்கள் அலுவலகப் பெண் 'மம' என்றாள். லைன் இரைச்சலில் சென்னியப்பன் காதில் 'மாமா' என்று விழுந்தது. அதை டிசைன் பிரிவில் சொன்னார். டிசைன் செய்யும் பெண் பிரவுசிங் சென்டருக்குப் போய், சிங்கள எழுத்துகளைத் தேடிப் பிடித்து, பார்த்துப் பார்த்து வரைந்துவிட்டாள். மாதிரிச் சட்டையின் படத்தை அனுப்பியபோது எங்கள் முதலாளி விமான நிலையத்தில் இருந்தார். படத்தைப் பார்க்காமலே, சரி, அடிக்கச் சொல்லு என்று போனில் சொன்னவர் அவர்தான். அதைச் சொல்லாமலே என்னை இங்கே அனுப்பியிருந்தார்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். முனீஸ்வரி என்று பெயர். இருபத்தைந்து வயதிருக்கும். பேச்சில் இந்த ஊர் இல்லை. ராமநாதபுரம் பக்கம், சாயல்குடிக்கு அருகில் கடலோரக் கிராமம் என்று பிறகு சொன்னாள். வந்து நின்றவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "எழுத்துல தப்பில்லண்ணே. நாலு தடவ சரி பாத்தேன்" என்றாள்.

"எழுத்தில் பிழையே இல்லை, தங்கச்சி. நல்ல வடிவாய் இருக்கு. சொல்தான் வேற" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் போனதும் சென்னியப்பன் சொன்னார்: "ஓனர் கோவத்துல இருக்காருங்க. சரக்கக் கொழும்புல எடுக்கலீன்னா அந்தப் புள்ளைய நிறுத்திப்போடுன்னு சொல்லிட்டாரு. நாந்தான் காதுல தப்பா வாங்குனதுன்னு சொன்னேன். அவரு காதுல அது உழுகுல."

பக்கத்தில் ஒரு பேக்கரி. இந்த ஊரில் டீ குடிப்பதற்குப் பேக்கரிக்குத்தான் போகிறார்கள். அங்கே போய் உட்கார்ந்து சென்னியப்பனுக்கு விளக்கினேன். சமஸ்கிருதத்தில் 'மம' என்றால் 'என்னுடைய'. சிங்களம் அதை எடுத்து 'நான்' ஆக்கிக்கொண்டது. தமிழ் அதே சொல்லை எடுத்து 'மமதை' ஆக்கியது. என்னுடையது, என்னுடையது என்று சொல்லிக்கொண்டே இருந்தால் வருகிற குணம். மாமா வேறு கிளை. குழந்தை வாயை மூடித் திறந்தால் வருகிற சத்தம் அது. அந்த நேரம் பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவர் அதைத் தன் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார். ஐரோப்பாவில் அம்மா நின்றிருக்கிறாள், ஜார்ஜியாவில் அப்பா, நம் பக்கம் அம்மாவின் அண்ணன்.

"நம்மூர்ல அவரு சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருப்பாருங்க" என்றார் சென்னியப்பன்.

அப்போது இரண்டு வங்காளத் தொழிலாளர்கள் வந்து, டீ போடுகிறவரைப் பார்த்து, "மாமா, தோ சாய்" என்றார்கள். அவர்கள் ஊரில் கடைக்காரர், ரிக்சாக்காரர் எல்லோருமே மாமாதான். டீக்காரர் இரண்டு கிளாசையும் நிதானமாக ஆற்றி வைத்தார். எங்கள் பக்கம் திரும்பி, "தெனம் இத்தன மருமவனுங்க வாராங்க. எனக்குப் பொண்ணே இல்லீங்க" என்றார்.

மறுநாள் வேலையை ஆரம்பித்தோம். தமிழில் போலவே சிங்களத்திலும் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கால் நின்றால்தான் நெடில். இரண்டு மாவுக்கும் இரண்டு கால். அச்சடித்ததை அழிக்க முடியாது. மேலே வேறு ஏதாவது அடித்து மறைக்கலாம். முதலில் பூ அடித்துப் பார்த்தோம். பூவுக்குக் கீழே கால் எட்டிப் பார்த்தது. தென்னைமரம் அடித்தோம். மரம் அழகாக வந்தது, ஆனால் கால் இன்னும் நன்றாகத் தெரிந்தது. மாமா தென்னந்தோப்பில் நிற்பது போல் இருந்தது. பிரிண்டிங் மாஸ்டர் யானை என்றார். யானை முழுதாக மறைத்தது. எல்லோருக்கும் சந்தோசம். படம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினோம்.

முதலாளி போனில் வந்தார். "யானை ஒரு கட்சியின் சின்னம்" என்றார். "தேர்தல் வரப்போகிறது. பிள்ளைகள் எல்லாம் 'நான் யானை' என்று ஊர்வலம் போனால் என் கடையை யார் பார்ப்பது?"

யானையைக் கைவிட்டோம். முனீஸ்வரி முயல் வரைந்தாள். குண்டான முயல், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. கால் இருந்த சுவடே தெரியவில்லை. முயல் எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை என்று முதலாளி இரண்டு பேரிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டு, சரி என்றார். மிச்சச் சட்டைகளுக்கு அடித்துக் காயவைக்க வார இறுதி ஆகும். நான் தங்க வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை மாலை முனீஸ்வரி நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தாள். கூடவே அவள் புருசன் சண்முகம். அதே கம்பெனியில் துணி வெட்டுகிற பிரிவில் வேலை. அவன் உள்ளூர்க்காரன், அவிநாசிபாளையத்துப் பக்கம் வீடு. கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் அவள். "உங்க ஊர்ல தங்கச்சின்னா, தங்கச்சிதானா?"

"தங்கச்சிதான். ஏன்?"

"இல்ல, இங்க பஸ்ஸுல, கடையில எல்லாம் சும்மாக் கூப்புடுவாக. அந்த மாதிரியான்னு கேட்டேன்."

எங்கள் ஊரிலும் சும்மா கூப்பிடுவது உண்டு. அதைச் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

விசயம் பிறகு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டும். அவளுக்கு ஒரே அண்ணன், காளிமுத்து. அப்பா கடலில் போன பிறகு அவளைப் படிக்க வைத்தவன் அவன்தான். சண்முகத்தைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவன் பேசுவதில்லை. போன வாரம் அவன் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டாள். அவன் வந்து போனை எடுத்தான். தேதி, இடம் எல்லாம் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டான்.

"இவுக வீட்டுல நல்லவுகதாண்ணே" என்றாள் சண்முகத்தைக் காட்டி. "ஆனா பொண்ணு வீட்டுல இருந்து ஒத்த ஆளு வரலைன்னு வருசம் பூராக் கேப்பாக. எனக்குக் கேக்கலாம், பரவாயில்ல. அந்தப் புள்ளைக்கு யாருமே இல்லாத மாதிரி மணையில உக்காரக் கூடாது. நீங்க பொய் சொல்ல வேணாம். அண்ணன் முறைன்னா போதும்."

எனக்குத் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் தெரியும். மூன்றிலும் 'ஏலாது' என்பதற்கு நல்ல நல்ல சொற்கள் இருக்கின்றன. சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். சண்முகம் அதுவரை பேசாதவன், "காத்தால நானே வந்து கூட்டிட்டுப் போறனுங்க" என்றான்.

கடைவீதிக்குப் போய் ஒரு பாவாடை சட்டை கேட்டேன். கடைக்காரர் யாருக்கு, எத்தனை வயது என்றார். "மருமகளுக்கு" என்றேன். அந்தச் சொல்லை நான் அதற்கு முன் ஒரு தேவைக்கும் பயன்படுத்தியதில்லை. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. கல்யாணமும் இல்லை. கடைக்காரருக்கு அதெல்லாம் தெரியாது. "மாமன் சீருங்களா? அப்ப இது பத்தாதுங்க" என்று உள்ளே போய் ஜரிகை வைத்த பட்டுப் பாவாடை கொண்டுவந்தார். தட்டு, பழம், வெற்றிலை எல்லாம் எங்கே வாங்க வேண்டும் என்றும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சண்முகத்தின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, மடியில் சீர்த்தட்டைப் பிடித்துக்கொண்டு, தாராபுரம் ரோட்டில் போனேன். காற்றில் இரண்டு ஆப்பிள் உருண்டு போயின. ஒன்றைத்தான் பிடிக்க முடிந்தது. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே ஓர் அம்மன் கோயில், முன்னால் வேப்பமரம், மரத்தடியில் பாய். ஒரு பக்கம் பெரிய அண்டாவில் குழம்பு கொதித்தது. சண்முகத்தின் ஆட்கள் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள்.

சண்முகத்தின் அப்பா வெள்ளை வேட்டியில் எதிரே வந்தார். முனீஸ்வரி, "மாமா, எங்க அண்ணன் முறை" என்றாள். அவளுக்கு அவர் மாமா. அவர் கும்பிட்டார்.

"வாங்க, வாங்க. எந்தூருல இருந்து வாரீங்க?"

"கொழும்பு."

அவர் முகம் மாறியது. திரும்பிப் பந்தலைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பொண்ணு ஊட்டுல இருந்து ஆரும் வல்லீன்னு சொன்னீங்கல்ல. கப்பலேறி வந்திருக்காங்க பாருங்க." நான் விமானத்தில் வந்தேன் என்று திருத்தவில்லை. நாற்காலி போட்டார்கள். மோர் வந்தது. ஒரு பெரியம்மா அருகில் வந்து என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, முனீஸ்வரியின் மூக்கு அப்படியே எனக்கும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழந்தைக்கு ஒன்றரை வயது. தர்சினி. அன்று காலைதான் மொட்டை அடித்திருந்தார்கள்; தலை முழுக்கச் சந்தனம். என் மடியில் வைத்தார்கள். அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு நான் யார் என்பதில் அந்தப் பந்தலில் இருந்த எவரையும் விட அதிகச் சந்தேகம் இருந்தது. நான் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். ஆசாரி வலது காதில் பேனாவால் புள்ளி வைத்தார், ஊசியை எடுத்தார், குத்தினார்.

நான் அழுகையை எதிர்பார்த்திருந்தேன். அவள் அழவில்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, என் கட்டைவிரலைக் கடித்தாள். மேலே நாலு, கீழே இரண்டு, அவளிடம் இருந்த பற்கள் அத்தனையும் பதிந்தன. அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் பிடித்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. பந்தலில் இத்தனை பேருக்கு முன்னால் நானும் அழக்கூடாது என்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரத்துக்கு அப்பால், ரோட்டுப் பக்கமிருந்து ஒரு ஆள் வந்துகொண்டிருந்தான். கறுத்த, உயரமான ஆள். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் பித்தளைத் தட்டு. தட்டின் மேல் துண்டை மூடியிருந்தான். சட்டை முழுக்க வியர்வை. பந்தல் ஓரத்தில் நின்றான். முனீஸ்வரி அவனைப் பார்த்தாள். கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

சண்முகத்தின் அப்பா போய், "வாங்க. நீங்க ஆருங்க?" என்றார்.

"மாமன்" என்றான் அவன். "பஸ்ஸு வழியில நின்னுபோச்சு."

பெரியவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முனீஸ்வரியைப் பார்த்தார். பெரியம்மா இரண்டு மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எழுந்துவிடலாமா என்று நினைத்தேன். குழந்தை சட்டையை விடவில்லை.

ஆசாரிதான் பேசினார். ஊசியைத் துடைத்துக்கொண்டே, "ஒரு காது ஆச்சுங்க. இன்னொரு காது இருக்குதுங்க" என்றார்.

அந்த நேரத்தில் பெரியவர் என்னவெல்லாம் கேட்டிருக்கலாம் என்று இப்போதும் நினைப்பேன். "ரெண்டு மாமன் இருந்தா ரெண்டு மடிங்க. அதுல என்ன இருக்குது" என்றார்.

காளிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். என் முன்னால் நின்று, "அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க" என்றான். எழுந்தேன். அவன் உட்கார்ந்தான். குழந்தையை அவன் மடியில் வைத்தேன். இவ்வளவு நேரமும் அழுதவள் அவனைக் கண்டதும் இன்னும் பலமாக அழுதாள். இடது காதில் ஊசி இறங்கியபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவனையும் கடித்தாள்.

அவனும் முனீஸ்வரியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவன் கொண்டுவந்த தட்டை அவள் வாங்கினாள். அவன் கொடுத்தான். அவ்வளவுதான். சண்முகம் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அதையும் வாங்கிக் குடித்தான்.

பந்தியில் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கத்தரிக்காய்க் குழம்பு, ரசம், போளி போல் பருப்பு வைத்த ஒப்பிட்டு. ஒப்பிட்டின் மேல் நெய் ஊற்றினார்கள். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் இதில் பாதி நெய் இருந்தால் பேசிக்கொள்வார்கள். காளிமுத்து தலை நிமிராமல் சாப்பிட்டான். அவனுடைய இடத்தில் போய் உட்கார்ந்தவன் நான். அதற்கு மன்னிப்புக் கேட்பதா, நன்றி எதிர்பார்ப்பதா என்று விளங்கவில்லை. குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன்.

ரசத்துக்கு வந்தபோது அவனே கேட்டான். "கொழும்புன்னாக."

"வேலை கொழும்பில. பிறந்தது மன்னார்."

அவன் கை நின்றது. "மன்னாரா?"

"ஓம்."

"ஒரு தடவ எஞ்சின் நின்னுபோயி அங்கதான் ஒதுங்குனோம்" என்றான். "நானும் இன்னும் மூணு பேரும். ரெண்டு நாளாச் சாப்புடல. கரையில ஒரு வீட்டுல கூப்புட்டு உக்கார வச்சுச் சோறு போட்டாக. ஆருன்னே கேக்கல. சாப்புட்ட பெறகுதான் கேட்டாக."

"எந்தப் பக்கம்?"

"பேரு தெரியல. வாசல்ல ஒரு மாட்டு வண்டி நின்னுச்சு."

மன்னாரில் மாட்டு வண்டி நின்ற வாசல்கள் நிறைய இருந்தன. எங்கள் வீட்டு வாசலில் நின்றதில்லை. அப்படியே சொன்னேன். அவன் தலையை ஆட்டினான்.

பிறகு இலையில் மிச்சமிருந்ததை வழித்துச் சாப்பிட்டான். என் இலையைப் பார்த்தான். அது காலியாக இருந்தது. அவன் நிமிர்ந்து, வரிசையின் கடைசியில் யாருக்கோ பரிமாறிக்கொண்டிருந்த முனீஸ்வரியைப் பார்த்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஏ முனீஸு" என்றான். "அண்ணனுக்குச் சோறு வையி."

அவள் வாளியோடு வந்தாள். எனக்கு வயிறு நிறைந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. போதும் என்று சொல்லவில்லை.